பலாக்காய் பிரியாணியும் என் அறிவிப்பும்

சந்தேகம் வந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் மைக் இருக்கக் கூடாது. இதை நான் மாமல்லபுரத்தில், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

அரசு இரண்டு நிறுவனங்களை ஒன்றாக இணைத்த சமயம் அது. உணவுப் பொருள்களுக்குச் சந்தை தேடித் தரும் எங்கள் நிறுவனம் ஒன்று. காய்கனி சாகுபடியை ஊக்குவிக்கும் தோட்டக்கலை நிறுவனம் மற்றொன்று. இரண்டிலும் ஆளுக்கொரு விளம்பர அதிகாரி இருந்தோம். இணைந்த பிறகு ஒரு நாற்காலிதான். எங்கள் பக்கம் நான், அந்தப் பக்கம் வசந்தி மேடம். (அவருக்கு அனுபவம் அதிகம். எனக்குக் குரல்வளம் அதிகம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

இணைப்பு விழா விருந்து என் பொறுப்பில் வந்தது. பிரியாணி இல்லாமல் எவன் வருவான் என்றார்கள் எங்கள் ஆட்கள். சைவம்தான் வேண்டும் என்றார்கள் தோட்டக்கலைக்காரர்கள். பலாக்காய் பிரியாணி என்று சொல்லி இரு தரப்பையும் மடக்கினேன். சமைக்க என் மாமனாரையே அமர்த்தினேன். சதுரங்கப்பட்டினத்தில் காதர் பாய் பிரியாணி என்றால் தனி மரியாதை.

அன்று காலை அவருடைய சமையல்கூடத்தில் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் இரண்டு தேக்சாக்கள், பெரிய பிரியாணி அண்டாக்கள்.

"இன்னா மாமா, ரெண்டு கீது?"

"ஒண்ணு உன் பலாக்கா. இன்னொண்ணு செய்யூர் கல்யாணத்துக்கு மட்டன். நீ போ மாப்ள, நான் பாத்துக்கறேன்."

நான் போனேன். அந்த இரண்டு தேக்சாவும் என் தலைக்குள்ளேயே ஏறி என்னோடு வந்தன.

விருந்து தொடங்கியது. புதிய இயக்குநர் பிறவி சைவம். ரசித்துச் சாப்பிட்டார். நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். நார் நாராகப் பிரிந்தது. மசாலா உள்வரை இறங்கியிருந்தது. சந்தேகமே இல்லை, ஆட்டுக்கறி. தேக்சா மாறிவிட்டது. இயக்குநர் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டிருந்தார்.

மாமனார் பத்தடி தள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மேடைக்கு ஓடினேன்.

"யாரும் சாப்பிடாதீங்க. தப்பு நடந்துபோச்சு. இது மட்டன். சைவம் சாப்பிடறவங்க தயவுசெஞ்சு எழுந்துடுங்க."

இயக்குநரின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறகு அவர் குழாயடிக்கு ஓடினார். அவர் பின்னால் பாதி மண்டபம் ஓடியது.

"மாப்ள, அது பலாக்கா," என்றார் மாமனார், கரண்டியும் கையுமாக.

"சும்மா இருங்க மாமா. நான் தின்னு பாத்துட்டேன்." (இதுவும் மைக்கில்தான்.)

அப்போது பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "பாய்கிட்ட குடுத்தா இப்டித்தான் ஆவும்."

மாமனாருக்கும் அது கேட்டது. அவர் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். ஊர்பேர் தெரியாத ஒருவன் அப்படிப் பேசுவதற்கு, அவர் வீட்டு மருமகன் நானே வாசல் திறந்து விட்டிருந்தேன்.

வசந்தி மேடம் மட்டும் எழவில்லை. தட்டிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"சார், இந்த ஆட்டுக்குள்ள பலாக்கொட்டை கீதே."

சிரிப்பு கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. தட்டோடு என் மாமனாரிடம் போய், "பாய், இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார். சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இயக்குநரும் வந்தார், தட்டைப் பார்த்தார், மோர் மட்டும் கேட்டார். தேக்சாவில் பாதி அப்படியே மிஞ்சியது.

திரும்பும்போது வேனில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்பாக்கம் நெருங்கும்போது அவரே பேசினார்.

"மட்டன்னு நீ நம்புனதுல எனக்குப் பெருமதான் மாப்ள. ஆனா, மைக்குல சொன்னத என் காதுல சொல்லியிருக்கலாம்."

"தப்புதான் மாமா," என்றேன்.

நாற்காலி வசந்தி மேடத்துக்குப் போனது. நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். நிகழ்ச்சிகளில் மைக் பக்கம் என்னை அவர் அனுப்புவதில்லை. நானும் கேட்பதில்லை.

வீட்டில்தான் விடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணி இறங்கியதும் என் மச்சினி கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "யாரும் சாப்பிடாதீங்க" என்று தொடங்குவாள். என் மனைவி உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமனாரும் சிரிப்பார். பிறகு என் தட்டில் முதல் துண்டை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொல்வார்.

"இது மட்டன்தான் மாப்ள. நம்பிச் சாப்புடு."