மாமா மஞ்சள் கடுதாசி கொடுத்த லட்சணம்

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும், உங்கள் மகளும், பிறந்த குழந்தையும் சௌக்கியம் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். இங்கே நானும் சௌக்கியம். மாமாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் பக்கத்தில் நின்று திருத்துகிறார், அதனால் கடிதம்.

பிரசவத்துக்குத் துணையாகக் கிளம்பும்போது, படித்த பிள்ளை நீதான் மாமாவின் திவால் மனுவைக் கூட இருந்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் படித்தது மெக்கானிக்கல். இருந்தாலும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன், மெஷினைவிடச் சுலபம்தான். என்ன கடன், என்ன சொத்து, என்ன வருமானம் என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தால், கோர்ட் ஒரு அதிகாரியைப் போட்டு, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு மீதியைத் தள்ளுபடி செய்யும். மனுதாரர் தன் கையால் வேலை செய்து பிழைக்கிற கருவியை மட்டும் தொடாது. அதாவது மாமாவின் பட்டறையில் இரும்பு கடைகிற லேத் தப்பிக்கும், அது இருந்தால் உங்கள் வீட்டில் அடுப்பெரியும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கெடுக்க யாராலாவது முடியுமா? உங்கள் வீட்டுக்காரரால் முடியும்.

வக்கீல் ஆபீசுக்கு எப்படி வந்தார் தெரியுமா? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய வாட்ச், மூக்கைத் துளைக்கிற சென்ட். கடனை அடைக்க முடியாமல் வந்தவரா, கடன் கொடுக்க வந்தவரா என்று வக்கீலுக்கே சந்தேகம். வீடு சொந்தமா என்று கேட்டால், சொந்தம் மாதிரிதான் என்கிறார். வாடகையே பாக்கி என்று நான் சொன்னதும் மேஜைக்கு அடியில் என் காலை மிதிக்கிறார். லேத்தை யார் ஓட்டுவது என்று கேட்டதற்கு, ஆளுங்க இருக்காங்க, நான் மேற்பார்வைதான்னு போட்டாரே ஒரு போடு! இருக்கிற ஒரே ஆள் அவர்தான். மேற்பார்வை பார்க்கிற முதலாளிக்கு லேத் கருவி இல்லை, வெறும் சொத்து, சொத்துன்னா ஏலத்துக்குப் போயிடும்னு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே வந்து நானும் படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டால்தானே.

"முதலாளின்னு போர்டு மாட்டியிருக்கேன்டா. கடன்காரன்னு எழுது, தாங்கிக்கிறேன். கூலிக்காரன்னு எழுதாதே" என்கிறார்.

மனுவும் அப்படியே போனது. கோர்ட் போட்ட அதிகாரி நேற்று பட்டறைக்கே வந்தார். லேத் கருவியா சொத்தா என்று அவர் எழுதுவதுதான் முடிவு. மாமா என்ன பண்ணினார்? தன் எண்ணெய்ச் சட்டையை எனக்கு மாட்டி, லேத் முன்னால் நிறுத்திவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். முடியாதுன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அதிகாரி உள்ளே நிக்கிறார். என்னை ஒரு இரும்புத் துண்டு கடைஞ்சு காட்டச் சொன்னார். கடைஞ்சேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல கைப்பா உனக்கு, பட்டறையே உன்னாலதான் ஓடுது போல என்றார். நான் இங்கே வேலை பார்க்கிற ஆளே இல்லைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது.

"இவனாலயா? சார், இந்த மெஷின்ல என்னைத் தவிர எவனும் கை வச்சதில்லை. கடையறதும் நான், எண்ணெய் போடறதும் நான், கூட்டிப் பெருக்கறதும் நான். இவன் என் மருமகன், சும்மா நிக்கிறான்."

அதிகாரி, அப்ப ஆளுங்க எங்கே என்று கேட்டார். மாமா என்னைத் தள்ளிவிட்டு, வெள்ளைச் சட்டையோடேயே அதே துண்டை இன்னும் மெல்லிசாகக் கடைந்து நீட்டினார். 'மனுதாரர் தாமே இயக்கும் கருவி' என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். லேத் தப்பித்தது அத்தை. மனுவில் இருந்த 'மேற்பார்வை'ப் பொய்யையும் வக்கீல் திருத்திவிட்டார். நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம், குழந்தையைப் பாருங்கள்.

உங்கள் மகளுக்கும் அவள் வீட்டாருக்கும் என் அன்பு. குழந்தை யார் ஜாடையில் இருந்தாலும் சரி, குணத்தில் தாத்தாவாக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வக்கீலிடமிருந்து போன். அதிகாரி அறிக்கையில் மாமாவை 'லேத் தொழிலாளி' என்று எழுதியிருக்கிறாராம். அதை 'உரிமையாளர்' என்று மாற்றச் சொல்லி மாமா தனியாகப் போய் ஒரு மனு கொடுத்திருக்கிறார். ஆதாரத்துக்கு என்னைப் பட்டறை ஊழியன் என்று காட்டி, எனக்குச் சம்பள பாக்கி என்று கடன்காரர்கள் பட்டியலிலும் சேர்த்துவிட்டார். லேத் மறுபடி ஏலத்துக்குப் போகப் பார்க்கிறது, அடுத்த வண்டியில் கிளம்பி வாங்க.