நகராப் பேருந்தின் ஜன்னலோரப் போர்

வாழி, வாழி! எண்டிசையும் அளந்தோன் என்று தன் நூலின் பின்னட்டையில் தானே எழுதிக்கொண்டவனும், குடிநீர் அலுவலகத்தின் மூலை மேசையில் குழாய்ப் புகார்களை வாங்கி அடுக்கும் பெரும்பணி பூண்டவனும், உடன் வேலை செய்வோரால் 'உலகம்' என்று பாதி வாஞ்சையோடும் பாதி வயிற்றெரிச்சலோடும் அழைக்கப்படுபவனுமாகிய எழுத்தாளப் பெருந்தகை வாழி! பனிமலைப் பாதைகளில் தான் போய்வந்த பயணத்தை நூலாக்கி, அந்நூல் திரைப்படமாகும் பேறும் பெற்ற அவன், ஓடாத பேருந்தொன்றின் ஜன்னலோர இருக்கைக்காகப் புரிந்த அருஞ்சமரைப் பாடப் புகுகிறோம். சொல்லின் தெய்வமே, எம் நாவில் வந்து அமர்க. உட்கார இடமில்லையென்றால் நின்றுகொண்டாவது வருக.

முதலில் அவன் இழந்தவற்றைச் சொல்லி அழுதுவிடுவோம். நூலில் அவன் கடந்த கடல், செலவு கட்டுப்படியாகாது என்று ஏரியாயிற்று. ஏரியும் வற்றிப் பாலமாயிற்று. மூன்று அத்தியாயம் நீண்ட பாலைவனம், பாட்டின் நடுவே ஒரு வரிக்கு வந்துபோகும் என்றார்கள். வழித்துணையாக வந்த கழுதையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கதாநாயகியைப் போட்டார்கள். அத்தனையையும் நம் வீரன் கசப்பு மருந்தாக விழுங்கினான். ஏனெனில் இயக்குநர் அவனுக்கு ஒரு வரம் தந்திருந்தார்: மலைப்பாதைப் பேருந்துக் காட்சியில், கதாநாயகனுக்குப் பின்வரிசையில், ஜன்னலோரம் அவன் ஒரு பயணியாக உட்காரலாம். முகம் திரையில் தெரியும். "எங்கேயும் போகலப்பா, வீட்ல வரைபடத்தை விரிச்சு வெச்சு எழுதினதுதான்" என்று அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும் வாய்களை எல்லாம் அடைக்க இந்த ஒரு ஜன்னல் போதும் என்று நம்பினான். மாமனார் வீடு வரைக்கும் சொல்லியும் வைத்துவிட்டான்.

இனிப் போர்க்களம். சக்கரம் களைந்து, இயந்திரம் துறந்து, முற்றும் துறந்த முனிவனைப் போல் கட்டைகளின் மேல் அசையாது வீற்றிருந்தது அப்பேருந்து. அது நின்றது ஒரு பெரிய கொட்டகைக்குள். ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். மலையையும் பனியையும் பிற்பாடு கணினியில் ஒட்டிக்கொள்வார்களாம். பேருந்தை அடியிலிருந்து நெம்பி ஆட்டுவதற்கென்று நீண்ட மரச்சட்டங்களோடு திண்தோள் மறவர் நால்வர் பீடி குடித்தபடி காத்திருந்தனர்.

வீரனோடு அவன் மனைவியும் ஒரு துணிப்பையுடன் வந்திருந்தாள். அந்த நெடும்பயணம் முழுக்க அவளும்தான் கூடப் போனாள். ஆனால் 'தன்னந்தனியனாய்ப் புறப்பட்டேன்' என்று தொடங்கும் நூலில் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. தன்னந்தனியனின் சட்டைகளைத் துவைத்தது யார் என்பதை நூல் விளக்கவில்லை.

"ஏங்க, வழிப்பக்கமே உக்காருங்க. பஸ்ஸைப் போட்டு ஆட்டப்போறாங்களாம், ஒத்துக்கலேன்னா சட்டுன்னு இறங்கிடலாம்" என்றாள் அவள், மெல்ல.

"நிக்கிற பஸ்ஸுல எவனுக்காவது வாந்தி வருமா? சும்மா இரு" என்று சினந்து, நெஞ்சு நிமிர்த்திப் படியேறினான் வீரன்.

ஏறியவன் கண்டது என்ன? அந்தோ! அவனுக்கென்று விதித்த அரியாசனத்தில், கருங்கண்ணாடி அணிந்து, கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான் தயாரிப்பாளரின் மச்சான்! அக்காளைக் கட்டிக்கொடுத்த ஒரே தகுதியால் படப்பிடிப்பை ஆளும் கொற்றவன் அவன்.

இடியேறு நாணும் குரலில் முழங்கினான் நம் வீரன்: "சார்... இது என் இடம் சார்."

"பேர் எழுதியிருக்கா?"

"இந்தப் புஸ்தகமே நான் எழுதினதுதான் சார்!"

"அப்போ புஸ்தகத்துல போய் உக்காருங்க" என்றான் மச்சான்.

துணை நடிகர் படை முழுவதும் கொல்லென்று நகைத்தது. வீரன் காது சிவந்தது. ஆயினும் பேருந்து நிலையங்களில் இளமையைத் தொலைத்தவனுக்கு இடம் பிடிக்கத் தெரியாதா? தேநீர் இடைவேளை அறிவித்ததும் மச்சான் எழுந்து போனான். வழியெங்கும் துணை நடிகர்கள் நெருக்கியடித்து இறங்கிக்கொண்டிருக்க, வீரன் முன்வாசல் வழியே குதித்து, பச்சைத் துணியின் அடியில் தவழ்ந்து, ஜன்னலுக்கு நேர்கீழே தோன்றி, இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி, குறிபார்த்து, வில் நீங்கிய கணையென வீசினான்! முதல் வீச்சு கம்பியில் பட்டு அவன் மூஞ்சியிலேயே விழுந்தது. இரண்டாம் வீச்சு இருக்கையின் நட்டநடுவில் இறங்கியது.

மூச்சிரைக்க அவன் சுற்றிவந்து ஏறுவதற்குள், மச்சான் நிறைந்த தேநீர்க் குவளையோடு திரும்பி, அந்தக் கைக்குட்டையின் மேலேயே அமர்ந்துவிட்டான். தர்மம் எங்கே போயிற்று? வீரன் அருகில் அமர்ந்து தோளால் நெருக்கினான். மச்சான் முழங்கையால் தடுத்தான். இரு களிறுகள் ஒரு வாசலில் சிக்கியதுபோல் இருவரும் திணறும் அவ்வேளையில், "ஒரு தடவை ஆட்டிப் பாத்துருவோம்ப்பா!" என்று யாரோ கீழே கூவ, மறவர் நால்வரும் பீடியை எறிந்துவிட்டு நெம்பினார்கள். குவளைத் தேநீர் முழுவதும் மச்சானின் மடியில் கவிழ்ந்தது. "ஐயோ அம்மா!" என்று புறமுதுகிட்டு ஓடினான் கொற்றவன்.

வென்றான் வீரன்! ஈரக் கைக்குட்டையைப் பிழிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் அமர்ந்து, தொலைதூரத்து மலைகளை நோக்குபவன்போல் பச்சைத் துணியை நோக்கினான். "ஆக்‌ஷன்!" என்றது ஒலிபெருக்கி. ஆட்டினார்கள். மேலும் கீழும் ஆட்டினார்கள். இடமும் வலமும் ஆட்டினார்கள். ஒருவன் உற்சாகம் மிகுந்து தனித்தாளத்தில் ஆட்டினான். வீரனின் வயிற்றில் காலையில் உண்டவை கலகம் செய்து கோட்டையை முற்றுகையிட, அவன் பல்லைக் கடித்தான், மூச்சை அடக்கினான், கதாநாயகனின் பின்னந்தலையை வெறித்தான். பின்பு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பனிச்சிகரம் வரவேண்டிய இடத்தில் அனைத்தையும் ஒப்படைத்தான்.

இயக்குநர் ஓடிவந்தார். வீரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார்! மலைப்பாதை பஸ்ஸுல போய்வந்த உடம்புக்குத்தான் இப்படி வரும். நீங்க நிஜமாவே போயிருக்கீங்க சார்!" என்று கூவினார் அவர். "நானே இத்தனை நாள் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிருங்க."

அதற்குள் மனைவி தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் பையுமாக ஏறி வந்திருந்தாள். "எந்த மலைக்குப் போனாலும் இப்படித்தான் சார். ஜன்னலோரம் இவரு, இந்தப் பக்கம் நான், நடுவுல இந்த வாந்திப் பை. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்ததுல நான் எதைப் பாத்தேன்? மலை எப்படி இருந்துச்சுன்னு இவரு புஸ்தகத்தைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நீங்களும் போனீங்களா? புஸ்தகத்துல இல்லையேம்மா!"

அவள் கணவனின் வாயைத் துடைத்துவிட்டாள். மச்சானின் ஏளனத்துக்குச் சிவந்த வீரனின் காது இப்போது சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதிய அத்தனை பக்கத்திலும் அவளுக்கு ஒரு வரி விடாத கஞ்சத்தனத்தை அன்றுதான் அவனே பார்த்தான்.

"இன்னொரு டேக்! அம்மா, நீங்க அந்தப் பையோட சார் பக்கத்துலயே உக்காருங்க. இதுதான் எனக்கு வேணும்" என்றார் இயக்குநர். கடலை வற்றவைத்தவரும் கழுதையைத் துரத்தியவருமாகிய அந்த மகானுபாவர், நூல் விட்டுவிட்டதைப் படத்தில் சேர்த்துவிட்டார். இரண்டாம் முறை வாந்தி வரவில்லை. நடிக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறாக, வெற்றிமுரசு அதிர, விண்ணோர் பூமாரி பொழிய, ஆட்டிய மறவர் நால்வரும் கையசைத்து விடைகொடுக்க, அந்திவேளையில் தெருமுனை நிறுத்தத்தை அடைந்த வீரன், மெய்யாகவே சக்கரம் பூட்டிய பேருந்தொன்று கூட்டம் பிதுங்க வருவதைக் கண்டு, தேநீர்க் கறை படிந்த அக்கைக்குட்டையை மீண்டும் உருவி, ஓடும் பேருந்தோடு தானும் ஓடி, ஜன்னல் வழியே ஒரே வீச்சில் எறிந்து, பகைவர் எழுவரின் கை நீளுமுன் அரியாசனத்தைத் தனதாக்கினான்.

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பையை அவன் பிடித்துக்கொண்டான்.