ஒன்பது சிப்பும் ஒரு ஜாக்கிரதைசாமியும்

தீப்பெட்டியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே வைக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பற்றிக்கொண்டால் உடனே அணைக்க வேண்டாமா, அதற்காக. குச்சி நமத்துப்போய்ப் பற்றுவதே இல்லை என்பது வேறு விஷயம். இந்த இனத்துக்கு ஜாக்கிரதைசாமி என்று பெயர். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. திருச்சி மேலப்புதூரில் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கலாம், ஜாக்கிரதைசாமி கிடைப்பது கஷ்டமே இல்லை.

பூட்டைப் பூட்டிவிட்டு அதைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார், பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவார், ராத்திரி ரயிலுக்குச் சாயங்காலக் காப்பியையே ஜங்ஷன் பிளாட்பாரத்தில்தான் குடிப்பார், மழை பெய்யாத சித்திரையில் குடை எடுத்துப்போவார், கொட்டுகிற ஐப்பசியில் குடை நனைந்து வீணாகிவிடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். இவர் வாயில் மூன்றே வாசகம்தான். “எதுக்கும் இருக்கட்டும்.” “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?” மூன்றாவது, “பட்டவன் சொல்றேன், கேளுங்க.” என்ன பட்டார்? ஒன்றும் படவில்லை. எதையாவது செய்திருந்தால்தானே ஐயா, படுவதற்கு!

சந்தேகமிருந்தால் பிலோமின்ராஜைப் பாருங்கள். ஓர் உரக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கேட்ட சாமானைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவர். அவர் மனைவி செல்வமேரி நேர்மாறு. கல்லூரிக்காரர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை டைப் அடித்துக் கொடுப்பவள், ‘வெள்ளிக்கிழமை தரேன்’ என்றால் வியாழக்கிழமை தருகிறவள். எண்பத்தெட்டாம் வருஷம் பெங்களூரிலிருந்த அவள் தம்பி, தன் ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அக்காவுக்கு அனுப்பிவைத்தான். அந்தக் காலத்தில் மேலப்புதூரில் ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் என்றால் யானையைக் கொண்டுவந்து கட்டிய மாதிரிதான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

யானை வந்ததும் பாகன் தானாக முளைத்தார். கம்ப்யூட்டர் ஓடும்போது கடுகு தாளிக்கக் கூடாது, புகை. சாம்பிராணி கூடாது, அதுவும் புகை. முகத்துக்குப் பவுடர் கூடாது, தூசி. வருகிறவர்கள் செருப்பை கேட்டுக்கு வெளியே விட வேண்டும், காலைக் கழுவ வேண்டும், கழுவிய காலைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் ஈரம். இத்தனை சட்டம் போட்டவர் அதில் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்லை. செல்வமேரி அவர் ஆபீசுக்குப் போகும்வரை காத்திருந்து, கடுகும் தாளித்து, கட்டுரையும் அடித்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் சகாயநாதன் வந்து ஏறினார். கல்லூரி ஆசிரியர். கொள்ளிடக் கரையில் முளைக்கிற நாணலையும் கோரையையும் பற்றி ஆறு வருஷமாக ஆராய்ந்தவர். கட்டுரையைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் 1989 மார்ச் முப்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. அன்றைக்கும் தவறினால் பதிவு ரத்து, ஆறு வருஷ நாணலும் கொள்ளிடத்தோடு போயிற்று. “உங்களைத்தாங்க்கா நம்பியிருக்கேன்” என்று அவர் கண் கலங்கச் சொன்னபோது, “முடிச்சுத் தரேன் சார்” என்று செல்வமேரி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுத்தவளை ஐந்தாவது அத்தியாயம் காலை வாரிற்று. முழுக்க முழுக்க அட்டவணைகள். பாதி ஏற்றுவதற்குள் கம்ப்யூட்டர் ‘இடம் போதாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். தம்பிக்கு எழுதிக் கேட்டாள். “ஞாபகசக்தி கம்மிக்கா அதுக்கு. உள்ள ஒன்பது சிப் இருக்கு, இன்னும் ஒன்பது மாட்டினா இரட்டிப்பாயிடும்” என்று பதில் எழுதிச் சிப்புகளையும் பார்சலில் அனுப்பிவிட்டான். மார்ச் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தது. கையடக்கமான அட்டைப் பெட்டி. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில், பக்கத்துக்கு எட்டுக் காலாக ஊன்றிக்கொண்டு ஒன்பது சிப். கூடவே ஒரு தாள்.

அந்தத் தாளில் எப்படி மாட்ட வேண்டும் என்று எட்டு வரி, எப்படியெல்லாம் மாட்டக் கூடாது என்று பதினாறு வரி. செல்வமேரி எட்டு வரியைப் படித்தாள். பிலோமின்ராஜ் பதினாறு வரியைப் படித்தார், அதுவும் உரக்க.

“மேரி, கேட்டியா? மனுஷன் உடம்புல கரண்ட் இருக்காம்! நைலான் துணி உடுத்தினா இன்னும் ஏறுமாம்! நாம தொட்டாலே சிப் செத்துருமாம்!”

“தொடறதுக்கு முன்னாடி பெட்டியோட இரும்பைத் தொட்டுட்டா அந்தக் கரண்ட் எறங்கிடும்னு போட்டிருக்குங்க.”

“போட்டிருப்பான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அவனா வருவான்? கையில செம்புக் கம்பி கட்டி, மறுமுனைய பூமிக்குள்ள விடணும். நான் கோயில்ல சிலுவைப்பாதை செபம் முடிச்சுட்டு அப்படியே கம்பியும் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது.”

அவர் தலை தெருமுனையில் மறைந்தது. செல்வமேரி தாளை இன்னொரு தடவை படித்தாள். இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கிறது. இந்த மனுஷர் கம்பி வாங்கி, பூமி பார்த்து, நேரம் பார்த்து மாட்டுவதற்குள் சகாயநாதன் பிழைப்பு நாறிவிடும். தையல் மிஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள். டைப்ரைட்டர் துடைக்கிற பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியைத் தட்டினாள். இரும்புச் சட்டத்தை ஒரு கையால் தொட்டுக்கொண்டு முதல் சிப்பை எடுத்தாள். சிப்பின் ஒரு ஓரத்தில் நகம் பட்டது போலச் சின்னப் பள்ளம். பழைய சிப்புகளின் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் புதியதும் பார்க்க வேண்டும், மாறினால் கருகிவிடும். பார்த்து வைத்தாள். கால்களைக் குழியில் பொருத்தி இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தினாள். ‘கிரிச்’ என்று உட்கார்ந்தது.

எட்டு சிப் அப்படியே உட்கார்ந்தன. ஒன்பதாவது மக்கர் பண்ணிற்று. அழுத்தியபோது ஒரு கால் குழிக்குள் போகாமல் மடங்கிக்கொண்டது. செல்வமேரிக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கால் ஒடிந்தால் ஒன்பதும் வீண், வேறு சிப் வந்து சேர மாசம் ஒன்றாகும். “மாதாவே, கைவிட்டுராதே” என்று சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, மடங்கிய காலை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நீவி நீவி நிமிர்த்தி, மறுபடி வைத்து அழுத்தினாள். உட்கார்ந்தது. தாளில் சொன்ன இரண்டு குட்டி விசைகளைத் தள்ளிவிட்டாள். மூடியை மூடிக் கம்ப்யூட்டரை ஓட்டினாள். திரையில் ஞாபகசக்தியை எண்ணிக் காட்டும், வழக்கமாக இருநூற்று ஐம்பத்தாறில் நின்றுவிடும் எண்ணிக்கை அதைத் தாண்டி மேலே மேலே ஏறி, ஐந்நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. ஆனந்தம் தாங்காமல் தனியாக நின்று கை தட்டினாள். முழுசாக முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏழரை மணிக்குச் செம்புக் கம்பியோடு வந்தார் பிலோமின்ராஜ்.

“ஏங்க, அந்த சிப்பை...”

“பேசாதே! எச்சில் தெறிக்கும்!” மூடிக்கிடந்த அட்டைப் பெட்டியைக் கைக்குட்டையால் எடுத்தார். பிளாஸ்டிக் பையில் போட்டார், அதை இன்னொரு பையில் போட்டார், நூல் சுற்றினார், ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டினார், பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையிலும் சொல்லிப் பார்த்தாள். “ஏங்க, அந்தப் பெட்டியில...” “பெட்டியைப் பத்திப் பேசறதே தப்பு, மறந்துடு.” ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியிலும் முயன்றாள். அவர் குறுக்கே விழுந்து பிளாஸ்டிக் பையின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் செல்வமேரிக்கு ஒன்று உறைத்தது. பெட்டியைக் காக்கத் தொடங்கியதிலிருந்து அவர் கம்ப்யூட்டர் பக்கம் வருவதே இல்லை. கடுகுச் சட்டத்தைக்கூட மறந்துவிட்டார். காக்கட்டுமே! அவள் பாட்டுக்கு ஐந்தாவது அத்தியாயத்தை அடித்துத் தள்ளினாள். சாயங்காலம் வந்து பின்னால் நின்று பார்ப்பார். “பாவம், எப்படித் திணறுது பாரு. சிப்பு மாட்டினதும் பறக்கும்” என்பார்.

இரண்டாவது வாரம் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், தம் இனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம், கம்பியைப் பூமிக்குள் விடுவது எப்படி என்று யோசனை கேட்டார். “ஆறடி தோண்டும், ஓய்! கரியும் உப்பும் போட்டுத் தினம் ஜலம் விடும். அப்புறம் பாரத்தைப் பூமாதேவிகிட்ட ஒப்படைச்சுட்டு நிம்மதியா இரும்!” என்று அவர் உபதேசம் செய்தருளினார். கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டியாயிற்று. பக்கத்து வீட்டு ரோஷன் பேகம் மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, ஆறடிக் குழி? யாரைப் பொதைக்கப் போறீங்க?”

“என் பொறுமைய” என்றாள் செல்வமேரி.

மூட்டை உப்பு இறங்கியதில் கறிவேப்பிலை பத்தே நாளில் பட்டுப்போயிற்று. ரசத்துக்குக் கறிவேப்பிலை ரோஷன் பேகம் வீட்டிலிருந்து வந்தது. நடுவில் சகாயநாதன் வந்து, “சார், தேதி நெருங்குதே...” என்று கையைப் பிசைந்தார். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு சார். தவக்காலத்துல யாராவது புதுக் காரியம் செய்வாங்களா? ஈஸ்டர் அன்னிக்கு மத்தியானம் வாங்க, உங்க கண் முன்னாலயே மாட்டறேன்” என்றார் பிலோமின்ராஜ். ஈஸ்டர் இருபத்தாறாம் தேதி. அதற்கப்புறம் மிச்சம் ஐந்தே நாள். சகாயநாதன் முகம் செத்துவிட்டது. செல்வமேரி கேட் வரை கூடப் போய், “கவலைப்படாதீங்க சார், வேலை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்று சொல்லி அனுப்பினாள்.

உண்மையிலேயே ஓடிற்று. ஈஸ்டருக்கு முதல் நாள் கடைசி வரியையும் அடித்து முடித்துவிட்டாள். இனி ஐந்து பிரதி அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பிரிண்டர் கரகரவென்று பக்கம் பக்கமாகத் துப்பி முடிக்க முழுசாக நாலு நாள் பிடிக்கும். அதுவரை கம்ப்யூட்டர் உயிரோடிருந்தால் போதும்.

ஈஸ்டர் மத்தியானம் கறிச்சோறு முடிந்தது. பார்வையாளர்களாகச் சகாயநாதனும் ரோஷன் பேகமும் கால் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிலோமின்ராஜ் தூய கதர் வேட்டியில் தோன்றினார். உடம்புக் கரண்ட் பூமிக்குள் இறங்க மணிக்கட்டில் செம்புக் கம்பி, ஜன்னல் வழியாகக் கொல்லைக் குழிக்கு ஓடியது. பூமியிலிருந்து கரண்ட் உடம்புக்குள் ஏறாமலிருக்கக் காலுக்கடியில் ரப்பர் பாய். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று கேட்காதீர்கள், எதற்கும் இருக்கட்டும். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிப் பீரோவைத் திறந்து, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேஜைமேல் வைத்தார்.

“முதல் காரியம்,” என்று ஸ்க்ரூ டிரைவரை உயர்த்தினார். “உள்ள இருக்கற பழைய சிப்பையெல்லாம் கழட்டி, பெட்ரோல் தொட்டுத் துடைச்சு, ஒரு நாள் காய வெச்சு...”

கழற்றினால் அச்சு அவ்வளவுதான் என்று செல்வமேரிக்குத் தெரியும். இப்போது உண்மையைச் சொன்னால் நாலு பேர் முன்னால் புருஷன் தலைகுனிய வேண்டியிருக்கும். ஆனால் கொடுத்த வாக்கு? எழுந்து போய்க் கம்ப்யூட்டர் மூடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“தொடாதீங்க. புது சிப்பு ஒன்பதும் உள்ளதான் இருக்கு. பார்சல் வந்த அன்னிக்கே மாட்டிட்டேன். சாரோட கட்டுரை நேத்தே முடிஞ்சுபோச்சு.”

பிலோமின்ராஜ் நூலை அவிழ்த்தார், பையை உரித்தார், இன்னொரு பையையும் உரித்தார், பெட்டியைத் திறந்தார். வெறும் கறுப்பு ஸ்பாஞ்சு, அதில் ஊசி ஊசியாக ஓட்டைகள். ரோஷன் பேகம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனுஷர் நொறுங்கிப்போய்விடுவாரே என்று செல்வமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

“எர்த் கட்டிக்கிட்டா மாட்டினே?”

“இல்லீங்க.”

“காட்டன் சேலையா?”

“நைலெக்ஸுங்க.”

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மெதுவாக அவர் முகம் மலர ஆரம்பித்தது.

“பாத்தீங்களா சார்! எவ்வளவு பெரிய கண்டம் தப்பியிருக்கு! நைலெக்ஸு! கம்பி கூட இல்ல! இந்தப் பெட்டிய மட்டும் நான் இருபத்து மூணு நாள் பூட்டிக் காவல் காக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? யோசிச்சுப் பாருங்க!”

யோசித்துப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு திருட்டுப் போயிருக்கும்.

முப்பதாம் தேதி, ஒரு நாள் முன்னதாகவே, ஐந்து பிரதியும் சகாயநாதன் கைக்குப் போய்விட்டன. முதல் பக்கத்து நன்றியுரையில், ‘கணினியைக் கண்ணும் கருத்துமாய்ப் பாதுகாத்துதவிய திரு. பிலோமின்ராஜ் அவர்களுக்கு’ என்று ஒரு வரி இருந்தது. பிரிண்டர் ஓடும்போது அவரே சகாயநாதனிடம் சொல்லிச் சேர்க்க வைத்தது. அதை ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தவள் செல்வமேரி. அவள் பேர் எங்கே என்கிறீர்களா? டைப் அடித்தவர்கள் பேரை யார் ஐயா போடுகிறார்கள்?

இருக்கட்டும், உங்களை ஒன்று கேட்க வேண்டும். செல்வமேரி மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டாளே, அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கினாளா? நான் சொல்லவே இல்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதே ‘ஐயையோ, பிளக்கு!’ என்று உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதா? அல்லது நான் கேட்ட பிறகு இப்போதுதான் மேலே போய்த் தேடிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறதா? பிடுங்கினாள், ஐயா, பிடுங்கினாள். தாளில் அதுதான் முதல் வரி, அவளுக்குப் படிக்கத் தெரியும். உங்களுக்கு இந்த வியாதி எத்தனை நாளாக இருக்கிறது? என்னைக் கேட்காதீர்கள், உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.