பெயர் போடாமல் எழுதிய ஒன்றரைப் பக்கம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் பேத்தியும் சுகம். சுகம் என்பது இந்த வரியை எழுதும் நேரத்து நிலவரம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அச்சகத்துக்குப் புது இயந்திரம் வந்து சேர்ந்ததா என்று அறிய ஆவல். அச்சகத்தை விசாரிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் பேசினால் உங்கள் மகள் காதில் விழும் என்பதால் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறேன்.

"பதினோரு வருஷமா அதே நாற்காலியில இருக்கீங்களே மாப்பிள்ளை, நாலு பேரை வேலை வாங்கக் கத்துக்கக் கூடாதா?" என்று போன வருஷம் கேட்டீர்கள். அதனால்தான் இந்தச் சனி ஞாயிறு நிர்வாகப் படிப்பில் சேர்ந்தேன். உங்கள் மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மாமா, முதல் நாள் அந்த வகுப்பறைக்குள் நுழைந்தபோது பிளந்த வாயை நான் இன்னும் மூடவில்லை. அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் இருக்கைகள், அடியில் பேராசிரியை ஒருத்தர் மட்டும், கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை. எதிரே அறுபது பேர், வாரம் முழுக்க ஆளுக்கொரு கம்பெனியில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தவர்கள். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஆபீஸ்ல ஒரு ஆள் வேலையை விட்டுப் போனா, நிஜமான காரணம் யாருக்குத் தெரியும்?" அவ்வளவுதான். ஒருத்தருக்கொருத்தர் பேச ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. குறிப்பெடுக்கத் திறந்த பேனாவை மூடாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மை கறையைப் பார்த்துவிட்டு உங்கள் மகள், "இதுக்குப் பேருதான் உயர்கல்வியா?" என்றாள்.

இரண்டாவது வாரம் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் மேனேஜர். உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனே, 'ரெண்டு நிமிஷம்'. அது நாங்கள் வைத்த பெயர். "ரெண்டு நிமிஷம் பேசலாமா" என்று கூப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைப்பார். உயரமான கட்டடங்களில் எந்த மாடிக்கு எந்த லிஃப்ட் போக வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராம்தான் எங்கள் வேலை. நாற்பது பேர் இவருக்குக் கீழே. அப்பேர்ப்பட்டவர் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு, பேராசிரியை கூப்பிட மாட்டாரா என்று காத்திருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். விதி அதோடு விடவில்லை. புராஜெக்ட் குழுவிலும் என்னை அவரோடு போட்டார்கள். முதலில் நான்கு பேர். ஒருத்தருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. இன்னொருத்தருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, "நிர்வாகத்தை வீட்டுலயே கத்துக்கறேன்" என்று நின்றுவிட்டார். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். நாற்பது பக்க அறிக்கையில் முப்பத்தெட்டு நான் எழுதினேன், அட்டையையும் நன்றியுரையையும் அவர் எழுதினார்.

போன சனிக்கிழமை பேராசிரியை, "குழுவுல இருக்கறவங்களைப் பத்தி மனசுல பட்டதை எழுதுங்க. எழுதினது அவங்க கைக்குப் போகும், எழுதினவங்க பேர் வெளிய வராது" என்றார். மாமா, பதினோரு வருஷம் அடைத்து வைத்த தண்ணீருக்கு மதகு திறந்த மாதிரி இருந்தது எனக்கு. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடுத்தவர் பேசும்போது இவர் காது கேட்காது என்று எழுதினேன். எங்கள் வேலையைத் தன் வேலையாக மேலிடத்தில் சொல்வார் என்று எழுதினேன். என் மகள் முதல்முறை பள்ளி மேடை ஏறிய அன்று என்னை ஏழரை மணிவரை உட்காரவைத்து, லிஃப்ட் பொத்தான் வட்டமா சதுரமா என்று விவாதித்தார் என்றும் எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினேன். நாலாவது படியில் கால் நின்றுவிட்டது. குழுவில் இருப்பதே இரண்டு பேர். அவரைப் பற்றி அவரே எழுதிக்கொள்ள முடியாது. கணிதத்தில் முதுகலை வாங்கியவன் நான், மாமா. என் முட்டாள்தனத்தின் அளவைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது.

மேலே ஓடினேன். படிப்பு அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம், "இப்ப அனுப்பினதைத் திரும்ப எடுக்கணும்மா" என்றேன்.

"முடியாது சார். ரகசியம். நானே திறக்க முடியாது."

"ரகசியம் இல்லைம்மா. ரெண்டு பேர்தான் குழுவுல."

"எத்தனை பேரா இருந்தாலும் நாங்க பேரை வெளியிட மாட்டோம், கவலைப்படாதீங்க சார்" என்று கனிவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இதில் நான் பயப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எங்கள் பிரிவில் இந்த மாதக் கடைசிக்குள் எட்டுப் பேரைக் குறைக்கச் சொல்லி மேலிடம் சொல்லியிருக்கிறது. பட்டியல் போடுகிறவர் இவர்தான். உங்கள் மகளுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை "ரெண்டு நிமிஷம் வாங்க" என்றார். போனேன். கதவைச் சாத்திவிட்டு, என் ஒன்றரைப் பக்கத்தை மேஜைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுதியதை அவர் வாயால் கேட்பது என்ன கொடுமை என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஒரு வார்த்தையைக்கூட முழுங்கவில்லை.

"யார் எழுதியிருப்பாங்க?" என்றார்.

"தெரியல சார்."

"அந்த ரெட்டைக் குழந்தைக்காரரா இருக்குமோ?"

"இருக்கலாம் சார்" என்று, தூக்கமில்லாமல் பால் புட்டி கழுவிக்கொண்டிருக்கும் அந்த அப்பாவியைக் காட்டிக்கொடுத்தேன்.

"ஆனா இதுல மகள் மேடை ஏறினான்னு இருக்கே. அதுங்களுக்கு இன்னும் தலையே நிக்கலையே" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "எல்லாமே நிஜம்தான். யார் எழுதியிருந்தாலும் கையெடுத்துக் கும்பிடணும்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமா, என்னைப் பற்றி அதில் பாதி யாராவது எழுதியிருந்தால் நான் ஒரு வாரம் படுத்த படுக்கையாகியிருப்பேன். இந்த மனிதர் அன்றிலிருந்து கூட்டத்தை இரண்டே நிமிஷத்தில் முடிக்கிறார். அடுத்தவர் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார். எனக்கு மரியாதையும் வருகிறது, பயமும் வருகிறது. இவ்வளவு அமைதியாக ஒருத்தர் இருந்தால் உள்ளே பட்டியல் தயாராகிறது என்றுதானே அர்த்தம்?

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். அச்சகத்தில் பிழை திருத்த ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடத்தை எனக்காக வைத்திருக்கவும். அட்டை ஒட்டச் சொன்னாலும் ஒட்டுகிறேன். உங்கள் மகளிடம் பக்குவமாக நீங்களே எடுத்துச் சொன்னால் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலத்தை விடாமல் தடவவும். நீங்கள் இருவரும் நீண்ட நாள் நலமோடு இருந்து எங்களை வாழ்த்த வேண்டும்.

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது இரண்டு சேதி வந்தது. குறைப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதனால் அச்சகத்துக்கு வேறு ஆள் பார்க்கவும், உங்கள் மகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துவிடவும். இன்னொன்று, குழு உறுப்பினர் ஒருவர் என்னைப் பற்றி எழுதிய ரகசிய மதிப்பீடு. அப்படியே தருகிறேன்: "நிறை: இவர் நேரில் வாய் திறக்க மாட்டார், எழுதச் சொன்னால் பொய் எழுத மாட்டார். அதனால்தான் காலி இடங்களுக்கு வேறு யாரும் வேண்டாம், இருவரே போதும் என்று பேராசிரியையிடம் கேட்டு வாங்கினேன். குறை: கழித்தல் கணக்கு. பிற: இவருடைய மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நேரிலேயே சொல்ல நினைத்தேன், எனக்கும் வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடலாம். யார் எழுதியது என்று இவருக்குத் தெரியப்போவதில்லை."