கசிகிற கிண்ணம்

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த லாட்ஜின் ஏழாம் நம்பர் அறைக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டம். சேத்தியாத்தோப்பு, நல்லூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எல்லார் முகத்திலும் துண்டு. உள்ளே, வெட்டை நோயை மூன்றே வாரத்தில் விரட்டும் ஆதிநாராயண சித்தர்.

வரிசையில் தங்கதுரை. பீங்கான் ஆலையில் பதினைந்து வருஷமாகக் கிண்ணங்களுக்குக் கிளேஸ் என்ற வழவழப்புப் பூச்சு பூசுகிறவன். கிண்ணத்தைத் தட்டினாலே உள்விரிசலைச் சொல்லிவிடும் மேதை. நண்பர்களோடு பாண்டிச்சேரி போய்வந்த மறுவாரமே, நீர் போகும்போது நெருப்பாய் எரிந்தது. 'நண்பனுக்கு' என்று பொய் சொல்லி மெடிக்கலில் ஐந்து மாத்திரை வாங்கி விழுங்கினான். எரிச்சல் அடங்கவில்லை.

மாத்திரைக்கு அடங்காத கிருமி தன் பொடிக்கு அடங்கும் என்றார் சித்தர். சோதனையும் வைத்திருந்தார். சிறுநீரை மண்கிண்ணத்தில் ஊற்றுவார். அடி கசிந்தால் நோய் இருக்கிறது, கசியாவிட்டால் போய்விட்டது. மூன்றாம் வாரம் தங்கதுரையின் கிண்ணம் கசியவில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. கிண்ணம் பொய் சொல்லாது, உடம்புதான் ஏதோ உளறுகிறது என்று முடிவுகட்டினான் அந்த அறிவாளி.

அடுத்து மனைவிக்கும் பொடி தர வேண்டும் என்றார் சித்தர். பூர்ணிமாவுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றில் பிள்ளை. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்தான்.

அவள் அழவில்லை. பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, சித்தரின் கிண்ணம் ஒன்றில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அடி கசிந்தது.

"தண்ணிக்கு என்னங்க வியாதி?"

பெண் பார்வை பட்டுவிட்டது என்று சித்தர் முனகினார். அதற்குள் ஒரு லாரி டிரைவர் தன் டீயை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். ஒரு டீக்கு நோய், இன்னொரு டீக்குச் சுகம்.

தங்கதுரை இரண்டின் உள்ளேயும் விரலை ஓட்டினான். ஒன்று சொரசொரப்பு. மற்றது வழவழப்பு. அடியில் அவன் கையாலேயே போட்ட நீலப் புள்ளி. மண்கிண்ணங்களில் பாதிக்கு மட்டும், அதுவும் உள்பக்கம் மட்டும் கிளேஸ் போதும் என்று போன மாதம் ஓர் ஆர்டர் வந்ததே! வைக்கோல் சுற்றிப் பத்திரமாய் அனுப்பியவனே அவன்தான்.

சித்தர் பின்வாசலைத் தேடினார். துண்டுகள் முகத்தை விட்டு இறங்கி, வாசலை மறித்து நின்றன.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். அவன் விழுங்கிய மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்க இந்தக் கிருமி எப்போதோ பழகிவிட்டது. இப்போது அது அடங்குவது செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்குத்தான். மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்றும் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் ஊசி, பிள்ளைக்கு ஆபத்தில்லை. திரும்ப வந்து காட்ட வேண்டும்.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தவனிடம் பூர்ணிமா சொன்னாள்:

"பாண்டிச்சேரி கதைய வூட்டுக்குப் போயி வச்சிக்கலாம். ஒவ்வொரு கிண்ணத்தையும் தட்டிப் பாக்குறீங்களே, அந்தாளு பேச்ச ஒரு தடவ தட்டிப் பாத்தா என்னங்க?"