கோட்டுப் பையில் உருகியவை

மனித குலத்தின் வலியைத் தீர்க்கவே தான் பிறவி எடுத்திருப்பதாக, பார்மசி மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். உண்மையில், சித்தி மகள் பார்மசியில் சேரப்போகிறாள் என்று காதில் விழுந்த அன்றுதான் அவனும் விண்ணப்பம் வாங்கினான்.

அவள் ஒவ்வொரு தேர்விலும் அவனை முந்தினாள். முந்திவிட்டு, "எப்படி எழுதின அண்ணா?" என்று மரியாதையாகக் கேட்பாள். அந்த வயிற்றெரிச்சலுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் மருந்தில்லை.

இன்று செய்முறைத் தேர்வு. சப்போசிட்டரி, அதாவது வாயால் விழுங்காமல் பின்வாசல் வழியாக வைக்கிற மருந்து. உடம்புச் சூட்டில்தான் உருக வேண்டும். அதற்கு முன்னால் உருகக் கூடாது. இதில் அவன் ஏற்கெனவே இருமுறை கோட்டைவிட்டவன். இன்றும் போனால் ஒரு வருடம் பின்தங்கி, தங்கைக்கே ஜூனியர்.

"இனிமே அவளை மேடம்னு கூப்பிட்டுப் பழகிக்கோ," என்று அம்மா காலையிலேயே ஆசீர்வதித்து அனுப்பியிருந்தாள்.

நேற்று வார்த்தவை, அவரவர் பெயர் ஒட்டிய தட்டுகளில் இருந்தன. அவள் தட்டைப் பார்த்தான். பளபளவென்று மின்னின. தன் தட்டைப் பார்த்தான். மங்கலாக, சோகை பிடித்தவை போலக் கிடந்தன.

'கைராசிக்காரி' என்று பல்லைக் கடித்தான்.

அவள் கை கழுவப் போனாள். சட்டென்று அவளுடையவற்றை அள்ளித் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டான். தன்னுடையவற்றை அவள் தட்டில் அடுக்கினான். பையிலிருப்பதைத் தன் தட்டில் வைப்பதற்குள் பேராசிரியர் நுழைந்துவிட்டார்.

நுழைந்தவர் மருந்தாளுநரின் நேர்மை பற்றிப் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார்.

பை ஈரமானது. ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்து மறைத்தான். அணைத்த சூட்டில் இன்னும் இளகியது. நைசாக நகர்ந்து ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் நெஞ்சை ஒட்டி நின்றான். ஃப்ரிட்ஜுக்கு உள்ளேதான் குளிர், வெளிப்பக்கம் சுடும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பேராசிரியர் அவள் தட்டுக்கு வந்தார். ஒன்றை எடுத்து அழுத்தினார், வெதுவெதுப்பான நீரில் போட்டார். பதமாகக் கரைந்தது.

"பாத்தீங்களா, மங்கலா இருக்கு. அதான் லட்சணம். பளபளன்னு இருந்தா இப்பவே வேர்க்குதுன்னு அர்த்தம். முழு மார்க்."

அவள் ஏனோ திருதிருவென்று விழித்தாள்.

"உன்னோடது எங்கப்பா? தட்டு காலியா இருக்கு."

"பையில சார். உடம்புச் சூட்டுல உருகுதான்னு சோதிச்சுப் பாத்தேன்."

"உருகிச்சா?"

"உருகிடுச்சு சார்."

"அப்ப நான் மார்க்கை எதுக்குப் போடறது, கோட்டுக்கா?"

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்காமல் சுழியம் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

தங்கை மெல்ல அருகில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணா பண்ணித் தொலைச்ச? எனக்கு ஒரு தடவை மார்க் போனா போகட்டும், நீ பாஸாகணும்னு காலையிலயே வந்து என்னோடதை உன் தட்டுல வெச்சுட்டு, உன்னோடதை என் தட்டுல வெச்சேனே."

கோட்டுப் பையிலிருந்து, அவன் தயாரித்த மருந்து ஒரு சொட்டு அவன் ஷூவின் மேல் விழுந்தது.