நூற்று நாற்பத்து மூன்று சான்றுகள்

"யாரும்மா இந்தப் பார்வதம்மா?"

அமலா மேடம் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'பார்வதம்மா சொன்னார்' என்ற இரண்டு சொற்களைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிய வட்டம்.

"பக்கத்து வீட்டு அத்தை, மேடம்" என்றாள் லதா.

"அது உனக்கு அத்தை. படிக்கிறவங்களுக்கு யாரு? குடும்பப் பேரு, கமா, சொந்தப் பேரு. அப்புறம் விலாசம், எந்த வருஷத்துலேர்ந்து அங்க இருக்காங்க, பேட்டி எடுத்த தேதி, கையெழுத்து. இது எதுவும் இல்லாம, அவங்க சொன்னாங்க இவங்க சொன்னாங்கன்னு எழுத இது என்ன குழாயடியா?"

குழாயடிதான். கட்டுரையின் தலைப்பே 'ஊரிகம் லைன் வீடுகளில் பொதுக் குழாய்' என்பதுதான். ஆனால் லதா 'குடும்பப் பேர், கமா' என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். பத்து நாளில் கட்டுரையைத் திருத்திக் கொடுக்காவிட்டால் எம்.ஏ. இன்னொரு வருடம் இழுக்கும். இன்னொரு வருடம் என்றால், விடியற்கால ரயிலில் பெங்களூர் வரைக்கும் இன்னொரு வருடம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

லதாவின் கவலை கட்டுரை. அவள் அம்மா சரோஜம்மாவின் கவலை வீடு. தங்கச் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும், தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள் யார் பேருக்கும் வரவில்லை; வீட்டு லிஸ்ட் எடுத்துப் பட்டா கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் இருந்தது. சரோஜம்மாவுக்குக் கணவர் விட்டுப்போனது நாலாம் லைன் பதினைந்தாம் நம்பர் வீடும் ஒரு சைக்கிளும்தான். சைக்கிளுக்காவது ரசீது இருந்தது.

இந்த இரண்டு கவலைக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் லதா நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு பதினாலாம் நம்பருக்குப் போனாள்.

"குடும்பப் பேரா?" பார்வதம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா கண்ணு, ஜாதி கேக்கறியா?"

"ஐயோ, இல்லத்த. பேருக்கு முன்னாடி ஒரு பேரு வேணுமாம். மாமா பேரைப் போட்டா போதும்."

லதா எழுதிக் காட்டினாள்: முனுசாமி, பார்வதம்மா.

"அந்த மனுசன் பேரு முன்னாடியா?" பார்வதம்மாவின் குரல் ஏழெட்டு வீடு தாண்டிக் கேட்டது. "நாப்பது வருசத்துல ஒரு குடம் தண்ணி எடுத்தாந்து ஊத்தியிருப்பாரா? ஷிப்டு முடிஞ்சு வந்தா குளிக்கத்தான் தெரியும் அவருக்கு. தண்ணி புடிச்சவ நானு, பேரு அவருக்கா? அடிச்சுடு அத!"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த முனுசாமி ஒருமுறை இருமிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டுரைக்காகப் பேட்டி எடுத்த மற்ற ஏழு பேரிடமும் இதே கதைதான். ஒருவர் அப்பா பேரைச் சொன்னார், இன்னொருவர் வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரைச் சொன்னார், ஓர் அம்மாள் யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை லதாவுக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. லைனில் யாரை யார் குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? தபால்காரரே 'நாலாம் லைன் பதினாலு' என்றுதான் கத்துவார். ஆகவே குடும்பப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் வீட்டு நம்பரைப் போட்டாள்: நாலு–14, பார்வதம்மா, 1979 முதல்.

போனில் கேட்ட மேடம், "ஒரே முறையைக் கடைசி வரைக்கும் கடைப்பிடிச்சா சரி" என்றார். லதா நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வாரத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு இரவுதான்.

மறுநாள் காலை வாசலில் ஜோஸ் அங்கிள் நின்றார். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜுக்கு மணியடிக்கும் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். கையில் ரேஷன் கார்டு, கரன்ட் பில், ஞானஸ்நான சர்டிபிகேட், எல்லாம் இரண்டிரண்டு ஜெராக்ஸ்.

"லதாம்மா, ரெண்டாம் லைன் ஏழு. எழுபத்தாறுலேர்ந்து கீறேன். எழுதிக்கோ."

"அங்கிள், எதுக்கு இதெல்லாம்?"

"வீட்டு நம்பரு, எப்பலேர்ந்து கீறோம், கையெழுத்து. எல்லாம் வாங்கறியாமே?"

"அது காலேஜு கட்டுரைக்கு. வீட்டு லிஸ்ட் இல்ல அங்கிள்."

"தெரியும்மா, தெரியும்." ஜோஸ் கண்ணைச் சிமிட்டினார். "வெளிய அப்பிடித்தான் சொல்லணும். என் பேர மட்டும் போட்டுடு."

ஒன்பது மணிக்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். லதா ஓர் அட்டையில் 'இது வீட்டுப் பட்டியல் அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். பத்து மணிக்கு நாற்பது பேர்.

"இல்லைன்னு போர்டு வெக்கிற அளவுக்குப் போயிருக்குன்னா, உள்ள இன்னாமோ கீது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

பார்வதம்மா வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்தினாள். குழாயடியில் எப்படியோ அப்படி. வரிசையில் நிற்க முடியாதவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் போகலாம். மத்தியானத்துக்குள் லதா வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. தண்ணீர் லாரி ஒன்று அந்தப் பக்கமாக வந்து, நின்று, குழம்பித் திரும்பிப் போனது.

"எனக்கு எட்டு பேர் போதும்க்கா" என்று லதா கெஞ்சினாள்.

மூன்றாம் லைன் வின்னி இடுப்பில் கைவைத்தாள். "எட்டு பேருல ஆறு பேரு நாலாம் லைனு. உங்க லைனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? குழாயிலயும் இதத்தான பண்ணீங்க?"

அந்தச் சண்டை மறுபடியும் தொடங்கினால் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் எழுதவேண்டி வரும். லதா எல்லோரையும் எழுதிக்கொண்டாள். மூன்று நாளில் ஆறு லைனும் முடிந்தது. சான்றுகள் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

அமலா மேடத்துக்குப் போன் போட்டாள்.

"பட்டியல்ல எத்தனை பேர் வேணாலும் இருக்கலாம்மா" என்றார் மேடம். "ஆனா கட்டுரைக்குள்ள ஒரு தடவையாவது சுட்டிக் காட்டாத பேரு பட்டியல்ல இருக்கக் கூடாது. இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

லதா உட்கார்ந்தாள். 'குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதன் பின்னால் அடைப்புக்குறி போட்டு ஒன்றாம் லைன் முழுவதையும் இறக்கினாள். 'சில நாள் வரவில்லை' என்பதற்கு இரண்டாம் லைன். 'சண்டை நடந்தது' என்பதற்கு மூன்றாம் லைனும் நாலாம் லைனும் சேர்ந்து சாட்சி. அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி அடுத்த பக்கத்தில்தான் வந்தது.

சரோஜம்மா தோளுக்குப் பின்னால் நின்று பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். பதினாலு, பார்வதம்மா. அடுத்தது பதினாறு.

"பதினஞ்சு எங்கடி?"

"சொந்த வீட்டு ஆளுங்கள சான்றா போடக்கூடாதும்மா. பாரபட்சம் வந்துடுமாம். மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க."

"ஊரே சாட்சி. பெத்தவ மட்டும் பொய் சொல்லுவாளா?"

"அப்பிடி இல்லம்மா. இது வீட்டு லிஸ்டே இல்ல, எத்தனை தடவ சொல்றது?"

"நீயும் இல்லன்ற, ஜோஸும் இல்லன்றாரு. ஆனா அவரு பேரு கீது, என் பேரு இல்ல." சரோஜம்மா முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

லதாவுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஒரு பேர்தானே, நைசாக நுழைத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் விதி விதிதான். ஊரார் எல்லோரையும் சேர்த்தவள், சொந்த அம்மாவைச் சேர்த்துக் கெட்ட பேர் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கட்டுரை பதினெட்டுப் பக்கம், பட்டியல் இருபத்தைந்து பக்கம். மேடம் முழுவதையும் புரட்டிப் பார்த்து, "வாய்மொழிச் சான்றை இவ்வளவு ஒழுங்கா யாரும் கொடுத்ததில்ல" என்றார். காலேஜ் முத்திரையும் விழுந்தது. லதா பாஸ்.

ஜோஸ் அங்கிள் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று புத்தகத்தை வாங்கிப் போனார். ஆண்டர்சன்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு ஒரு ரீம் பேப்பர் தீர்ந்ததாம். ஊரெல்லாம் தன் கட்டுரையைப் படிக்கிறது என்று லதாவுக்கு உள்ளூரப் பெருமைதான். படித்தவர்கள் எல்லோரும் கடைசி இருபத்தைந்து பக்கத்தைத்தான் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, வீட்டு சர்வே எடுக்கும் மஞ்சுநாத் நாலாம் லைனுக்கு வந்தார். நல்ல வெயில். சரோஜம்மா உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அவர் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்ட ஸ்பைரல் பைண்டிங்கைப் பார்த்ததும் லதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இது நான் எழுதினது!"

"நீங்களா?" மஞ்சுநாத் எழுந்தே நின்றுவிட்டார். "சூப்பர் மேடம்! ஊர் ஜனங்க ஆபீஸ்ல கொண்டாந்து கொடுத்தாங்க. நம்பர் இருக்கு, வருஷம் இருக்கு, சைன் இருக்கு, காலேஜ் சீல் இருக்கு. எங்க சார், புதுசா லிஸ்ட் எடுக்கவே வேணாம், இதையே வெச்சுக்கோன்னுட்டார். நூத்து நாப்பத்து மூணு வீடும் செக் ஆயித்து, ஒரு தப்பு இல்ல. எல்லாருக்கும் பேப்பர் வந்துடும்."

லதா பெருமையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்காமல் அந்த ஸ்பைரல் பைண்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுநாத் மிச்ச மோரைக் குடித்தார். டம்ளரைச் சரோஜம்மாவிடம் மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"இதுல இல்லாத வீட்டை மட்டும் காலின்னு எழுதிக்கச் சொன்னாங்க மேடம், அப்போ இந்தப் பதினஞ்சு காலிதானே?"